ஆலிஸ் ஹியூஸ் பிளாட்டினோடைப்: கறையைப் பார்த்து வாங்கியது

ஒருவழியாகச் சிக்கியது. டச்சஸ் ஆஃப் யார்க் மேரியின் (பின்னால் குயின் மேரி ஆனவர்) பிளாட்டினோடைப், அதாவது வெள்ளிக்குப் பதில் பிளாட்டினத்தால் உருவான புகைப்படம். லண்டன் புகைப்படக்காரர் ஆலிஸ் ஹியூஸின் ஸ்டூடியோ, வெளிர் சாம்பல் அட்டை, அடியில் கோவர் தெரு 52 என்ற முகவரி. ஏலப் பட்டியலில் விற்பவர் ஒரே வரிதான் எழுதியிருந்தார்: பழைய அரச குடும்பப் படம், மூடும் அட்டையின் உள்பக்கம் மஞ்சள் கறை. அந்தக் கறைக்காகத்தான் வாங்கினேன்.

தேடும் பாட்டைச் சொல்லிவிடுகிறேன். 'டச்சஸ் ஆஃப் யார்க்' என்று தேடினால் வந்து குவிவதெல்லாம் 1923-இல் கல்யாணமாகி அந்தப் பட்டத்துக்கு வந்த எலிசபெத். 'குயின் மேரி' என்று போட்டால் பாதிக்குப் பாதி கப்பல். எனக்கு வேண்டியவரோ 1893-இலிருந்து 1901 வரை அந்தப் பட்டத்தில் இருந்த மேரி. அப்புறம் இருக்கவே இருக்கிறது 'கன்ட்ரி லைஃப்' பத்திரிகை. ஹியூஸ் எடுத்த படங்கள் அதில் முகப்புப் பக்கப் படமாக அடிக்கடி வந்தன. அந்தத் தாளைக் கத்தரித்து, மவுன்ட் (பின்னட்டை) போட்டு, 'ஒரிஜினல் புகைப்படம்' என்று கூசாமல் விற்கிறார்கள். லூப்பை (உருப்பெருக்கி) வைத்தால் வரிசை வரிசையாக அச்சுப் புள்ளி. கேட்டால் "அந்தக் காலத்து அச்சு சார்" என்று பதில். அந்தக் காலத்து அச்சுதான், இல்லை என்று யார் சொன்னது?

சரி, கறைக்கு வருவோம். விற்பவர் போட்டிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கறைக்கு ஓர் உருவம் இருந்தது. தோள், கழுத்து, தூக்கிக் கட்டிய கொண்டை, எல்லாம் இடம் வலம் மாறி. பிளாட்டினம் சும்மா இருக்காது. எதிரே ஒட்டிக் கிடக்கும் தாளை வருஷக்கணக்கில் பழுப்பாக்கிக்கொண்டே இருக்கும். படத்தில் எங்கே கறுப்பு அதிகமோ அங்கே பழுப்பும் அதிகம். சாதாரண வெள்ளி பிரின்ட் இப்படித் தன் முகத்தையே எதிர்ப்பக்கம் பதித்துவிட்டுப் போகாது.

ஆனால் இதை மட்டும் நம்பிக் காசைக் கொடுக்கக் கூடாது. 1890-களின் மேட் கொலோடியான் பிரின்ட்டுகள், அதாவது கொலோடியான் என்ற பூச்சில் வெள்ளியால் உருவான மங்கிய படங்கள், அவற்றில் தங்கமும் பிளாட்டினமும் போட்டு டோன் செய்வார்கள் (நிறம் மாற்றுவார்கள்). அதே சாம்பல் கறுப்பு, அதே மங்கிய மேற்பரப்பு. எத்தனையோ பேர் ஏமாறும் இடம் இதுதான். நான் பார்ப்பது வெளிச்சம் விழும் இடங்களை, அதாவது ஜாக்கெட்டின் லேஸ், நெற்றி, கையுறை. கறுப்பில் பார்த்துப் பிரயோஜனமில்லை. 30 மடங்கு லூப்பில் லேஸ் மீது ஃபோகஸ் வைத்ததும் காகித நார் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. படம் அந்த நாருக்குள்ளேயே ஊறிக் கிடக்கிறது. கொலோடியான் என்றால் நடுவில் பரைட்டா என்ற வெள்ளைப் பூச்சு இருக்கும், நார் இவ்வளவு துலக்கமாகத் தெரியாது. அப்புறம் விளக்கைப் படுக்கை வாட்டில் பிடித்து நிழல் பகுதிகளைப் பார்த்தேன். ஜெலட்டின் பூச்சில் வெள்ளியால் உருவான பிரின்ட்டாக இருந்தால் நூறு வருஷத்தில் ஓரங்களில் வெள்ளி பூத்து நீலமாக மினுங்கியிருக்கும். இதில் துளி மினுக்கம் இல்லை. கார்பன் பிரின்ட்டோ (ஜெலட்டினில் கரி நிறமி கலந்து செய்வது) என்ற கடைசிச் சந்தேகமும் அதே வெளிச்சத்தில் போனது. கார்பனில் கறுப்பு சற்று மேடு தட்டிப் பளபளக்கும். இது அடுப்புக் கரியால் தேய்த்த மாதிரி தட்டையாக இருக்கிறது.

தேதியை அட்டையே சொல்லிவிடுகிறது. ஹியூஸ் 1891-இல் கோவர் தெருவில் அப்பா வீட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்டூடியோ போட்டார். அப்பா எட்வர்ட் ஹியூஸ், மேரியை எண்ணெய் வண்ணத்தில் வரைந்த அதே ஓவியர். மகளுடைய வெளிச்சத்தில் ஓவிய வாடை அடிப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். அந்த ஸ்டூடியோவில் எடுத்ததெல்லாம் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்தான். ஓங்கியிருந்த காலத்தில் அறுபது பெண்கள் அங்கே வேலை பார்த்தார்கள், ஒரே நாளில் பதினைந்து பேர் வரை வந்து உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். 1910-இல் 50,000 நெகட்டிவ்களை ஸ்பெயிட் என்ற புகைப்பட நிறுவனத்துக்கு விற்றுவிட்டுக் கடையைக் கட்டினார். பின்னால் மறுபடி ஸ்டூடியோ திறந்தது லண்டன் ஈபரி தெருவில். ஆக, கோவர் தெரு என்றிருந்தால் 1891-க்கும் 1910-க்கும் நடுவில். என் அட்டையில் யாரோ பென்சிலால் 'டச்சஸ் ஆஃப் யார்க்' என்று எழுதியிருப்பதை நம்பினால் 1901-க்கு முன்னால். பென்சிலை நான் பாதிதான் நம்புவேன். உடையின் கைப் பகுதி தோளில் புஸ்ஸென்று உப்பியிருக்கிறது, 1890-களின் நடுப்பகுதி ஃபேஷன் அது. அதை முழுசாக நம்புகிறேன்.

அட்டையிலிருந்து படத்தைப் பிரிக்கச் சொல்லி ஒரு நண்பர் நச்சரிக்கிறார். மாட்டவே மாட்டேன். பிளாட்டினம் அசையாது, ஆனால் அதைத் தாங்கும் காகிதம் நொறுங்கும். மவுன்ட்டைப் பிரித்தால் முகவரியும் போச்சு, பிரின்ட்டும் போச்சு. படத்துக்கும் மூடிக்கும் நடுவில் பாலியெஸ்டர் ஷீட் ஒன்று வைத்தால் போதும். பிவிசி உறை மட்டும் வேண்டவே வேண்டாம். ஸ்டேஷனரிக் கடையில் 'ஆர்க்கைவல்' (நெடுநாள் பாதுகாப்புக்கு ஏற்றது) என்று லேபிள் ஒட்டி விற்பதெல்லாம் மோந்து பார்த்தாலே நாறுகிறது. கறை படிந்த மூடியையும் தூக்கிப் போடப் போவதில்லை. இந்தப் படத்துக்கு அதைவிட நல்ல சான்றிதழ் யாரும் எழுதித் தர முடியாது.

ஷீட் வந்து சேர்வதற்குள்ளேயே மனசு அடுத்ததற்குத் தாவிவிட்டது. லாலி சார்ல்ஸ், அவர் தங்கை ரீட்டா மார்ட்டின், இருவரும் ஹியூஸுக்கு அடுத்த தலைமுறை ஸ்டூடியோ புகைப்படக்காரர்கள். லாலியிடம் 1911-இல் தொழில் பழகப் போனவர்தான் பின்னால் கலர் படங்களில் கலக்கிய யெவோண்ட். ரீட்டாவின் நடிகை அஞ்சலட்டைகள் மலிவாகவே கிடைக்கின்றன, ஆனால் அவை புரோமைட் பிரின்ட், அதாவது வெள்ளிப் படம். எனக்கு வேண்டியது ஸ்டூடியோவிலிருந்தே போன, கையெழுத்துள்ள பெரிய பிரின்ட். ஒருவர் லாலியின் படம் ஒன்றை வைத்திருக்கிறார், விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. லேஸ் பகுதியை மட்டும் லூப் வழியாக ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நார் தெரிந்தால் பேரம் பேசலாம்.