நுரையீரலுக்கும் நிறம் பார்த்தார்கள்

இனவெறி அறியாமையில் பிறந்தது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. படித்தவர்கள் உட்கார்ந்து எழுதி வளர்த்த சங்கதி அது. அமெரிக்காவின் லூசியானாவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் தப்பி ஓடுவதை ஒரு மனநோய் என்று 1851-இல் எழுதினார். அதற்கு ‘டிராபெட்டோமேனியா’ என்று பெயர் வேறு! கறுப்பர்களின் நுரையீரலுக்குத் திறன் குறைவு, வயல்வேலைதான் அவர்களுக்கு நல்லது என்பதும் அவர் வாதம். யாருக்கு ஆதாயம் என்று சொல்லவும் வேண்டுமா?

அந்த நுரையீரல் கதை அவரோடு மடியவில்லை. மூச்சின் அளவைக் காட்டும் ஸ்பைரோமீட்டரில், நோயாளி ஊதுவதற்கு முன்பே அவருடைய இனத்தைப் பதிவு செய்தார்கள். கறுப்பர் என்றால் ‘இயல்பான அளவு’ 10 முதல் 15 சதவீதம் வரை குறைந்துவிடும். ஒரே அளவு ஊதிய இருவரில் வெள்ளையருக்குச் சிகிச்சை, கறுப்பருக்கு ‘நலம்’ என்று சான்று. இனம் பார்க்காத கணக்கைப் பயன்படுத்துங்கள் என்று அமெரிக்க மார்பு நோய் மருத்துவர் சங்கம் சொன்னது 2023-இல்.

சிறுநீரகச் செயல்பாட்டுக் கணக்கிலும் இதே கூத்து நடந்தது. அதனால் மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் பல கறுப்பர்கள் தாமதமாகவே சேர்க்கப்பட்டார்கள். பறிபோன காத்திருப்புக் காலத்தை 2023 முதல் திரும்பக் கணக்கில் சேர்க்கிறார்கள், உயிரோடு இருப்பவர்களுக்கு.