கீமோ குமட்டல்: மாத்திரையோடு சேர்த்து எனக்குக் கைகொடுத்தவை

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்த பிறகு எனக்குக் கொடுத்தது ஏ.சி. என்று சொல்லும் கீமோ. டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் சேர்ந்தது, மூன்று வாரத்துக்கு ஒரு முறை. வாந்தியைக் கிளப்புவதில் இது மிகக் கடுமையான வகை. வார்டில் எல்லோருக்கும் அது 'சிவப்பு மருந்து'. ஏற்றிய பிறகு சிறுநீர்கூடச் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

வாந்தி மாத்திரையை நான் ஒருவேளைகூட விடவில்லை. "இத்தனை மாத்திரை எதுக்கு, இஞ்சிச் சாறு குடிச்சாப் போதும்" என்று அன்பாகச் சொன்ன உறவினர்கள் இருந்தார்கள். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். மாத்திரை வாந்தியை அடக்கிவிட்டது. ஆனால் வயிற்றைப் பிரட்டும் அந்தக் குமட்டல் மிச்சம் இருந்தது. நான் எழுதுவதெல்லாம் அந்த மிச்சத்துக்குத்தான்.

முதலில் உதவியது ஒரு நோட்டு. குமட்டல் எந்த நேரத்தில், எதைத் தொட்டு வருகிறது என்று குறித்துக்கொண்டே வந்தேன். மருந்து ஏற்றிய 24 மணி நேரத்துக்குள் வருவது ஒன்று. இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை இழுப்பது இன்னொன்று. அடுத்த கீமோவுக்குக் கிளம்பும்போதே, மருந்து உடம்பில் ஏறாமலே வருவது மூன்றாவது. ஒன்றுக்குக் கேட்டது மற்றதற்குக் கேட்கவில்லை.

இரண்டாம் வகையில் என்னை அதிகம் படுத்தியது வாசனை. சோறு வடிக்கும் ஆவி, வெங்காயம் வதங்கும் மணம், கடுகு தாளிக்கும் நெடி எல்லாமே அடுப்படியிலிருந்து நேராகத் தொண்டைக்கு வந்தன. அந்த நாட்களில் அம்மா பின்கட்டில் ஸ்டவ் வைத்துச் சமைத்தார். சூடாக எதையும் என் முன் கொண்டுவரவில்லை. ஆறினால் ஆவி இல்லை, வாசனையும் பாதியாகிவிடும். ஆறிய இட்லி, ரஸ்க், பொரி, உப்புப் போட்ட கஞ்சி என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இரண்டு வாய். வயிறு காலியாகக் கிடந்தால் குமட்டல் கூடியது. எவர்சில்வர் டம்ளரில் குடித்தால் நாக்கில் இரும்புச் சுவை தட்டியது. கண்ணாடி டம்ளருக்கு மாறியதும் தண்ணீர் இறங்கியது. எனக்கு ஆசையாக இருந்தது பழைய சோற்றின் மேல். கிருமியை எதிர்க்கும் வெள்ளணு குறைந்திருக்கும் நேரத்தில் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறவைப்பது வேறு, மணிக்கணக்கில் வெளியே வைப்பது வேறு.

உப்பில் ஊறிக் காய்ந்த நார்த்தங்காயில் நகக்கண் அளவு கிள்ளி நாக்கடியில் வைத்துக்கொள்வேன். கசப்பும் உப்பும் கரைந்து எச்சில் ஊற ஊற, மேலே ஏறி வந்தது மெல்லக் கீழே இறங்கும். வாய்ப்புண் வந்த வாரங்களில் அதையும் விட்டுவிட்டு எலுமிச்சைத் தோலைக் கீறி முகர்ந்தேன்.

கீமோ அன்று பிடித்த உணவைச் சாப்பிடாதீர்கள் என்று உணவு ஆலோசகர் சொன்னது பெரிய உபகாரம். சியாட்டிலில் ஐலீன் பெர்ன்ஸ்டைன் என்ற உளவியலாளர், கீமோவுக்கு முன் புதுச் சுவையில் ஐஸ்கிரீம் சாப்பிட்ட குழந்தைகள் பிறகு அதை ஒதுக்குவதை 1978லேயே காட்டியிருக்கிறார். உடம்பு பழியை உணவின் மேல் போட்டுவிடுகிறது. அதனால் அம்மாவின் வெந்தயக் குழம்பை மூன்றாவது வாரத்துக்கென்று ஒதுக்கி வைத்தேன். இன்றும் அது எனக்குப் பிடிக்கிறது.

இஞ்சியைப் பற்றிக் கேட்பீர்கள். 2012இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், வாந்தி மருந்தோடு சேர்த்துத் தினம் அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை இஞ்சி எடுத்தவர்களுக்கு முதல் நாள் குமட்டல் குறைந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அப்படியே சொல்லவில்லை. எனக்கு ஓரளவு கேட்டது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைந்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே, குமட்டலுக்கென்று அழுத்தும் ஓர் இடம் இருக்கிறது. காரில் போகும்போது அங்கே கட்டை விரலால் அழுத்திப் பிடித்தபடி போனேன். அதற்கென்று பட்டையும் விற்கிறார்கள். அக்குளில் நெறிக்கட்டி எடுத்த பக்கக் கையில் மட்டும் இறுக்கமாக எதுவும் போடக்கூடாது என்று நர்ஸ் எச்சரித்தார்.

தண்ணீர்கூட ஒரு நாள் முழுக்கத் தங்கவில்லை என்றாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ கைவைத்தியம் எதுவும் வேண்டாம். இரவானாலும் மருத்துவமனைக்குப் போன் போடுங்கள்.

மருந்து ஏறும் முன்பே வரும் அந்த மூன்றாவது வகைதான் என்னை அழவைத்தது. மருத்துவமனை வராந்தாவின் பினாயில் நெடி பட்டதுமே வாய் ஊறும். ஒரு கல்யாண வீட்டில் ரோஸ்மில்க் டம்ளரைப் பார்த்ததும் சிவப்பு மருந்து நினைவு வந்து எழுந்து வெளியே போக வேண்டியதாயிற்று. "மனசைத் திடமா வச்சுக்கோ" என்றார்கள். இது மனத்திடத்தில் வரும் குறை அல்ல. மணியோசையோடு சோறு தின்று பழகி, பிறகு மணியோசைக்கே எச்சில் விட்டதே ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் நாய், அதே பழக்கம்தான் இதுவும். வழக்கமான வாந்தி மாத்திரை இதற்கு அவ்வளவாகக் கேட்பதில்லை.

கேட்டது, எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த தசைத் தளர்ச்சிப் பயிற்சி. பாதத்தில் தொடங்கி, ஒவ்வொரு தசைக்கூட்டத்தையும் சில நொடி இறுக்கி, பிறகு ஒரேயடியாக விட வேண்டும். விட்டதும் அந்த இடம் கனத்துத் தளர்வதைக் கவனிக்க வேண்டும். அப்படியே கெண்டைக்கால், தொடை, வயிறு, தோள், தாடை, நெற்றி என்று மேலே வருவது. உடம்பு நன்றாயிருக்கும் வாரங்களில் சாயங்காலம் பழகி வைத்திருந்ததால், ஊசி குத்தும் நேரத்தில் பாதத்தை இறுக்கி விட்டாலே மூச்சு தானாக நிதானப்பட்டது. கூடவே மருந்து ஏறும் பாட்டிலை என் கண்ணில் படாமல் துணியால் மூடச் சொன்னேன். மறுக்காமல் செய்தார்கள்.

இந்தத் தசைத் தளர்ச்சியை முதல் கீமோவுக்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள். குமட்டல் பழக்கமான பிறகு கற்பது கடினம். உங்கள் மருத்துவமனையில் மனநல ஆலோசகர் இல்லையென்றால் பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள்; அவர்களில் பலருக்கு இந்தப் பயிற்சி தெரியும்.