சாம்பல்தீவில் வீடும் வளவும் வாங்கிய கதை

திருகோணமலை நகரம் ஒரு பக்கம் திறந்த கடலும் மறு பக்கம் துறைமுகமுமாக, நீருக்கு நடுவே ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. நகருக்குள் கிணறும் நாலு மரமும் உள்ள வளவு விலைக்கு வருவதே அபூர்வம். வந்தாலும் சம்பளக்காரருக்கு எட்டாது. உவர்மலையில் வாடகை வீட்டில் இருந்த எங்களுக்கோ, பிள்ளைகள் மண்ணில் கால் வைத்து வளர வேண்டும் என்ற ஆசை விடவில்லை. நானும் கணவரும் நகரில் வேலை செய்கிறோம். பஸ்ஸில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் கந்தோரில் நிற்க வேண்டும், காணி கால் ஏக்கராவது இருக்க வேண்டும், வங்கி கடன் தரக்கூடிய உறுதி, அதாவது காணி உரிமைப் பத்திரம், இருக்க வேண்டும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டுதான் தேடத் தொடங்கினோம்.

கண்டி வீதியில் தம்பலகாமம் பச்சைப் பசேலென்று மனத்தைப் பிடித்தது. ஆனால் பிள்ளைகளின் பள்ளிக்கூட நேரத்துக்கு அது சரிவரவில்லை. கப்பல்துறைப் பக்கம் யானைப் பயம். 2009இல் பாலம் திறந்த பிறகு கிண்ணியாவும் கிட்டத்தில் வந்துவிட்டது. அங்கே பார்த்த வீடு பேசி முடிக்குமுன் வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

கன்னியாவுக்கு அப்பால் ஒரு வீடு பார்த்தோம். மா, பலா, எலுமிச்சை என்று நிழல் நிறைந்த வளவு. விலையோ நம்ப முடியாத மலிவு. தரகர் நீட்டிய கடதாசியைப் பார்த்தால் அது பெர்மிட் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியை, பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. “எல்லோரும் கடதாசி எழுதித்தான் வாங்குகிறார்கள், தங்கச்சி” என்றார் தரகர். எழுதலாம், பணமும் கொடுக்கலாம். காணி மட்டும் நம்முடையதாகாது. வாழ்நாள் சேமிப்பை இப்படிக் கொடுத்துவிட்டு வாரிசுகளோடு மல்லுக்கட்டும் குடும்பங்களை நான் அறிவேன். அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்: வீட்டின் அழகைப் பார்க்குமுன் உறுதிக் காணியா, பெர்மிட் காணியா என்று கேளுங்கள்.

கடைசியில் நிலாவெளி வீதிக்கே வந்தோம். நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை பஸ்கள் எல்லாம் இந்த வழியால்தான் போகின்றன. ஒன்றை விட்டால் இன்னொன்று வரும். வீதிக்குக் கடற்பக்கம் சுற்றுலா விடுதிகளால் விலை ஏறிக் கிடக்கிறது. அதோடு கடலோரத்திலிருந்து உட்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டட வேலைக்குத் தனி அனுமதி வேண்டும். ஆகவே மேற்குப் பக்கமாகவே தேடி, சாம்பல்தீவில் இந்த வீட்டைக் கண்டோம். ஓட்டு வீடு, இரண்டு அறை, முன் விறாந்தை, பின்னால் கிணறு.

முதலில் பார்த்தது மழைக்காலத்தில். கிணறு வாய்வரை நிறைந்திருந்தது. பக்கத்து வளவு அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “பிள்ளை, மாரியில் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். கச்சான் காற்று வறட்டி அடிக்கும்போது வந்து குடித்துப் பாருங்கள்” என்றார். கடலுக்கும் களப்புக்கும் நடுவில் உள்ள மணல் நிலத்தில், நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கும். வெயில் காலத்தில் மோட்டர் போட்டு இறைக்க இறைக்க அடியிலிருந்து உவர் ஏறும். கச்சான் காலம் வரை பொறுத்தோம். ஓகஸ்ட் மாதத்து வெயிலில் போய், வாளியில் அள்ளிக் குடித்தோம், சவர்க்காரம் போட்டுக் கை கழுவினோம். நுரை நன்றாகவே வந்தது. நாக்கில் லேசான சவர்ப்பு இருந்தது, ஆனால் உப்பில்லை. அந்த அம்மாவுக்கு நான் என்றும் நன்றியுடையவள்.

பிறகு கடதாசி வேலை. காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துக்குக் குறையாமல் தேடிப் பார்க்க வேண்டும் என்றார் எங்கள் சட்டத்தரணி. காணி விற்பவரின் தகப்பனார் எழுபதுகளில் வாங்கியது. அவருக்குப் பின் நான்கு பிள்ளைகள், அதில் இருவர் கனடாவில். இங்குள்ள அண்ணன் “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். நல்ல மனிதர்தான். என்றாலும் கனடாவில் உள்ள இருவரும் தங்கள் சார்பில் இங்கே கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் அற்றோர்ணித் தத்துவம் எழுதி, தூதரக வழியாக உறுதிப்படுத்தி, அது இங்கே பதிவாகும் வரை ஒரு சதமும் கொடுக்கவில்லை.

நில அளவையாளர் பழைய வரைபடத்தை வைத்து அளந்தபோது, கால் ஏக்கரான 40 பேர்ச்சஸ் வரவில்லை. பழைய எல்லைக் கல், மேற்கு வேலிக்கு அப்பால், ஈச்சம் பற்றைக்குள் புதைந்து கிடந்தது. கத்தியால் வெட்டி விலக்கித்தான் கண்டெடுத்தோம். குடும்பம் 1990இல் இடம்பெயர்ந்து போயிருந்த காலத்தில் வேலி உள்ளே நகர்ந்திருக்கிறது. பிறர் காணியைத் தொடர்ந்து பத்து வருடம் எதிருரிமையோடு, அதாவது உரிமையாளரை ஏற்காமல் தனதென்று, ஆண்டால் ஆட்சியுரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டுச் சட்டம். போரால் காணிக்குத் திரும்ப முடியாதிருந்தவர்களுக்காக 2016இல் ஒரு விசேட சட்டமும் வந்தது. “அதெல்லாம் வழக்குப் பேசுவதற்கு. நீங்கள் வழக்கை வாங்க வேண்டாம்” என்றார் சட்டத்தரணி. வேலிக்குள் உள்ளதை மட்டும் புது வரைபடத்தில் கீறி, அந்த அளவுக்கே விலை பேசினோம். விற்பவர் முகம் சுளிக்காமல் ஒத்துக்கொண்டார்.

முத்திரை வரிக்குப் பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள். முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 80 லட்ச ரூபாய்க் காணிக்கு 3 லட்சத்து 19 ஆயிரம் வரும். நொத்தாரிசு கட்டணமும் அளவைக் கூலியும் அதற்கு மேல்.

உறுதியில் கையெழுத்தானதும் பதிவைத் தள்ளிப்போட விடவில்லை. ஒரே காணிக்கு இரண்டு உறுதி எழுதப்பட்டால் முதலில் பதிவானதற்கே முன்னுரிமை. பதிவு முடிந்து, பிரதேச சபையில் சோலைவரிப் பெயர் மாற்றத்துக்கும் கொடுத்துவிட்டோம். மேற்கு எல்லையில் புது வரைபடத்தின்படி கல் நாட்டியாகிவிட்டது. அடுத்ததாகக் கம்பி வேலி போட வேண்டும்.