லைன் வீடு, திருப்பூர்

மார்ச் 2, 2023
கரண்ட் பில் நகல் இன்றைக்கும் கிடைக்கவில்லை. "அடுத்த வாரம் பார்க்கலாம்மா" என்கிறார் வீட்டுக்காரர். அட்வான்ஸ் வாங்கும்போது அடுத்த வாரம் என்று சொல்லவில்லை.

மார்ச் 3
பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் ஆளாளுக்கு அந்த இரண்டு வீடியோதான். இந்திக்காரர்களைத் தமிழ்நாட்டில் வெட்டுகிறார்களாம். டீ டைமில் பக்கத்து ரூம் முன்னியின் அம்மா போனை நீட்டி, "அக்கா, இது எங்க?" என்றாள். ஒன்று கோயமுத்தூரில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது, இன்னொன்று பீகார்க்காரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டது என்று டிஜிபியே சொல்லிவிட்டார். அதைச் சொன்னேன். தலையாட்டினாள், நம்பின மாதிரி இல்லை.

மார்ச் 4, சனி
சம்பளம். தம்பிக்குப் பரீட்சைச் செலவுக்கு அனுப்பியாயிற்று. பவர் டேபிளில் தையல் மெஷின் பாதி காலி. ஷிப்மெண்ட் நிற்கிறது என்று காண்ட்ராக்டர் கத்துகிறார்.

மார்ச் 5, ஞாயிறு
போலீஸ்காரர்கள் இந்தி தெரிந்த ஒருவரோடு வந்து, ஒவ்வொரு கதவாகத் தட்டி போன் நம்பர் கொடுத்தார்கள். பக்கத்து ரூமில் ரொம்ப நேரம் திறக்கவேயில்லை. நான் கூப்பிட்ட பிறகுதான் தாழ்ப்பாள் விலகியது.

"இவங்க வந்துதான் பீஸ் ரேட்டு ஏறாமக் கெடக்கு" என்று எதிர் வீட்டு அண்ணன் சொல்கிறார். இவர்கள் வருவதற்கு முன்னால் மட்டும் ஏறியதா என்ன? நாங்கள் மானாமதுரைப் பக்கத்திலிருந்து வந்தபோது, மதுரைக்காரர்கள் வந்து கூலியைக் கெடுத்துவிட்டார்கள் என்றார்கள். மதுரை எங்கே, நாங்கள் எங்கே. இப்போது இவர்கள் எல்லோரும் பீகாரி. முன்னி வீட்டுக்காரர்கள் ஜார்க்கண்ட், யார் கேட்கிறார்கள்?

வீடு தேடி அலைந்தபோது எங்களிடம் முதல் கேள்வியே "என்ன ஆளுங்க?" இவர்களிடம் அதைக் கேட்பதில்லை, "எத்தனை பேர் தங்குவீங்க?" என்பதோடு சரி. தலைக்கு இவ்வளவு என்று வாடகை. அதே பத்துக்குப் பத்து, அதே கக்கூஸ் வரிசை.

மார்ச் 6
பீகாரிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். நல்ல தண்ணீர் வரவில்லை.

மார்ச் 8
ஹோலி. மற்ற வருஷமென்றால் படிக்கட்டெல்லாம் சிவப்பும் நீலமுமாகக் கிடக்கும், வீட்டுக்காரர் வந்து திட்டுவார். இன்று படிக்கட்டு சுத்தம். முன்னி மட்டும் என்னிடம் மஞ்சள்தூள் கேட்டு வாங்கிப் போனாள்.

மார்ச் 9
ரேஷன் கடை. எந்தக் கடையிலும் வாங்கலாம் என்று 2020-லேயே சொன்னார்கள். "உங்க ஊர்க் கார்டா? மாசக் கடைசியில வாங்க." முகவரி மாற்றலாம் என்றால் கரண்ட் பில் வேண்டும். அந்த ஆள் தரமாட்டார்.

மார்ச் 10
முன்னி வீட்டுக்காரர்கள் தன்பாத் ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஊரிலிருந்து மாமியார் ஒரே அழுகையாம். அடுப்பு, ஃபேன், முன்னியின் ஸ்லேட் எல்லாம் ரூமிலேயே இருக்கின்றன. முன்னியின் அம்மா சாவியை என் கையில் வைத்து மூடினாள். பத்து நாளில் வருகிறார்களாம்.

மார்ச் 12, ஞாயிறு
வீட்டுக்காரர் தானாகவே கூப்பிட்டார். "ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருக்கேன், வந்து வாங்கிக்க. அப்படியே அந்த ரூம் சாவியையும் குடுத்துடு, ஆள் வருது."

சாவி என்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 13
தம்பிக்குத் தமிழ் பரீட்சை. நல்லா எழுதியிருக்கானாம், அம்மா சொன்னாள். அவளுக்கு எல்லாமே நல்லாதான். கேட்டில் வேன் நின்றது. ஒடிசாப் பையன்கள், மீசைகூட முளைக்காத முகங்கள், முதுகில் பை. ஒருவன் கக்கூஸ் எங்கே என்று கையாலேயே கேட்டான். காட்டினேன்.

முன்னியின் அம்மா போன் ஸ்விட்ச் ஆஃப்.

புதன்கிழமை இங்கிலீஷ். அதுதான் பயம்.