நாலு மில்லிமீற்றர்

2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நின்ற பிறகு, எங்கள் கராஜுக்கு வரும் வேலைகளே மாறிவிட்டன. அப்போது புதிது வாங்க வழியில்லை, இருப்பதை ஓட வைத்தாக வேண்டியிருந்தது. ஓட்டோமெட்டிக் கியர்பொக்ஸ் போனால் அதே கியர்பொக்ஸ் கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் எப்போதும் கிடைக்காது. கிடைத்ததைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "எப்பிடியாவது பூட்டித் தாங்கோ தம்பி" என்பார்கள்.

வத்தளையிலிருந்து பிள்ளைகளை ஏற்றும் ஒரு ஸ்கூல் வேன் அப்படித்தான் வந்தது. கிடைத்த கியர்பொக்ஸ் வேறு மொடலுடையது. எஞ்சினோடு பூட்டும் அதன் முன்கூடான பெல் ஹவுசிங் பொருந்தியது, பிளெக்ஸ் பிளேட் பொருந்தவில்லை.

எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கின் பின்முகத்தில் பூட்டும் மெல்லிய உருக்குத் தட்டுதான் பிளெக்ஸ் பிளேட். விளிம்பில் ஸ்டார்ட்டர் கடிக்கும் பல் வளையம் இருக்கும். எஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியாக கியர்பொக்ஸுக்குக் கடத்தும் டோர்க் கன்வேர்ட்டரைத் தட்டோடு போல்ட் போட்டுப் பிடிப்போம். அது மெல்லியதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எண்ணெய் அழுத்தத்தில் கன்வேர்ட்டர் சற்று உப்பும், முன்பின் அசையும். தட்டு அதற்கு வளைந்து கொடுக்க வேண்டும்.

வேறு தட்டு போட்டேன். ஸ்டார்ட்டர் பல் முழுதாகக் கடிக்கவில்லை. தட்டின் பின்னால் 5 மில்லிமீற்றர் பெக்கிங் வைத்தேன், கடித்தது. கியர்பொக்ஸை ஏற்றியபோது எஞ்சின் முகமும் பெல் ஹவுசிங் முகமும் சேர 2 மில்லிமீற்றர் மிச்சம். போல்ட்டை இறுக்கினால் வந்துவிடும் என்று நினைத்தேன். வந்தது. அங்கேதான் தவறினேன்.

கன்வேர்ட்டரின் கழுத்து கியர்பொக்ஸின் எண்ணெய்ப் பம்புக்குள் போய்ப் பற்றியிருக்கும். பின்னால் இடமில்லாமல் நான் அதைப் பம்போடு நசுக்கிவிட்டேன். எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் ஊளை மாதிரி ஒரு சத்தம். கழற்றிப் பார்த்தால் பம்பின் உள்பல் வெடித்து எண்ணெய்த் தட்டெல்லாம் இரும்புத் தூள். கிராங்க் முன்பின் நகராமல் தாங்கும் திரஸ்ட் பெயரிங்கிலும் கீறல். இரண்டு கிழமை அந்த அண்ணைக்கு ஓட்டமில்லை. பிள்ளைகளை வேறு வேனில் ஏற்றிவிட்டு, பின்னேரங்களில் கராஜ் வாசலில் வந்து நிற்பார். ஒரு கடும் சொல் சொல்லவில்லை. கியர்பொக்ஸ் காசை நான்தான் கொடுத்தேன், ஆனால் அந்த இரண்டு கிழமையை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அடுத்து ஒரு ஜீப் வந்தது. இம்முறை எஞ்சினும் கியர்பொக்ஸும் வெவ்வேறு கம்பனி, இடையில் ஒரு தட்டு கடைய வேண்டும். லேத்துக்குப் போகுமுன் இரண்டு அளவு எடுத்தேன். பம்பில் முழுதாக இறங்கிய கன்வேர்ட்டரின் போல்ட் முகம், பெல் ஹவுசிங் விளிம்பிலிருந்து 19 மில்லிமீற்றர் உள்ளே. பிளெக்ஸ் பிளேட் எஞ்சின் முகத்திலிருந்து 27 வெளியே. இடைத்தட்டு 12 என்றால், 19ஓடு 12ஐக் கூட்டி 27ஐக் கழிக்க, கன்வேர்ட்டருக்கும் பிளெக்ஸ் பிளேட்டுக்கும் இடையில் மிஞ்சும் இடைவெளி 4. மூன்றிலிருந்து ஐந்துக்குள் இருந்தால் நல்லது. குறைந்தால் பம்ப் நசியும். கூடினால் கன்வேர்ட்டரை முன்னே இழுத்துப் பூட்டும்போது அதன் பிடி பம்பில் போதாது.

கிராங்கின் நடுத்துளை கன்வேர்ட்டர் மூக்கைவிடப் பெரிது. கிராண்ட்பாஸில் ஒரு லேத்காரரிடம் வளையம் கடைந்து போட்டோம். கன்வேர்ட்டருக்கான புதுத் துளைகளையும் அங்கேயே நடுவிலிருந்து அளந்து துளைத்தார். கண்மதிப்பில் துளைத்தால் அதிர்வு வரும், பிறகு கிராங்க் போல்ட்டைச் சுற்றித் தட்டு வெடிக்கும். வெடித்த தட்டின் சத்தத்தை பெயரிங் சத்தம் என்று நம்பி எஞ்சினையே பிரித்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

பெல் ஹவுசிங் இந்த முறை கையால் தள்ளியே முகத்தோடு முகம் சேர்ந்தது. போல்ட் இறுக்குமுன் அடியில் படுத்து, கன்வேர்ட்டரை விரலால் சுழற்றினேன். சுழன்றது. முன்னே இழுத்தேன், நாலு மில்லிமீற்றர் நகர்ந்து தட்டில் மெல்லத் தொட்டது.