இலையுதிர் கால நிலவும் ஓநாய் மனிதனும்

விளக்கணைத்த பின்னர் மூத்த மாணவர்கள் சொன்ன முனிக் கதைகளைக் கேட்டுப் போர்வைக்குள் சுருண்டு வளர்ந்த எங்கள் கல்லூரி விடுதிப் பிள்ளைகளுக்கு ஹொலிவூட் பூதங்கள் பெரிதாகப் பயம் காட்டிவிட முடியாது. ஆயினும், தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில் ஒரே தொடர்மாடியில் குடியிருந்த வகுப்புத் தோழர்கள் சிலர், ஒக்டோபர் பிறந்து மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கியதும், சனிக்கிழமை இரவுகளில் ஒருவர் வீட்டில் கூடி, ஹலோவீன் என்னும் பேய் வேடப் பண்டிகையை முன்னிட்டுத் தொலைக்காட்சியில் காட்டப்படும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைத் தவறாமல் பார்த்து வந்தோம்.

யூனிவர்சல் நிறுவனம் 1931 இல் வெளியிட்ட டிராகுலாவில் பின்னணி இசை ஏறக்குறைய இல்லாததால், நாங்கள் மிக்சர் கடிக்கும் ஓசையே பெரிதாகக் கேட்டது. அதே ஆண்டின் பிராங்கன்ஸ்டைன்தான் பெரும்பாலானோருக்குப் பிடித்திருந்தது. அதன் தொடக்க எழுத்துகளில், பூதமாக நடித்தவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறியே காணப்படும். லண்டனில் வில்லியம் ஹென்றி பிராட்டாகப் பிறந்து, 1909 இல் கனடாவுக்கு வந்து, கூலி வேலையும் செய்து, ஊரூராக நாடகக் குழுக்களோடு அலைந்து, போறிஸ் கார்லோவ் என்று பெயரை மாற்றிக்கொண்டவர் அவர். தொழிற்சாலையில் இரவு வேலை செய்துகொண்டிருந்த எங்களுக்கு அந்த வரலாறே அவரை நெருக்கமாக்கிற்று.

என் மனமோ 1941 ஆம் ஆண்டின் ஓநாய் மனிதனிலேயே நின்றது. 18 ஆண்டுகள் அமெரிக்காவில் இருந்துவிட்டு, தமையன் இறந்தபின் வேல்சிலுள்ள தந்தையின் மாளிகைக்குத் திரும்பும் மகன், ஓநாய் கடித்துத் தானும் ஓநாயாகி, இறுதியில் ஆளறியாத தந்தையின் வெள்ளிப்பிடிக் கைத்தடியாலேயே அடிபட்டுச் சாகிறான். அவன் ஊர் திரும்பும் காட்சியில், "வீடு அப்பிடியே நிக்குது, பார் மச்சான்" என்று சொன்ன தோழனின் வீடு அப்போது, ஊர்மக்கள் நுழையமுடியாத, இலங்கை இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. முதல் உருமாற்றத்தில் முகத்தைக் காட்டாமல், வெறும் பாதங்களில் மயிர் படிப்படியாக அடர்ந்து, அவை நுனிக்காலில் நடக்கத் தொடங்குவதை மட்டுமே காட்டுகிறார்கள். ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் யாக் எருதின் மயிரை ஒட்டி உருவாக்கிய முகத்தைவிட அந்தப் பாதங்களே எனக்குக் கூச்சமூட்டின.

திரைக்கதையை எழுதிய கேர்ட் சியோட்மாக், டிரெஸ்டனில் பிறந்த யூதர். நாசிகள் 1933 இல் ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மனியைவிட்டு வெளியேறியவர். அடுத்து இரையாகப்போகிறவரின் உள்ளங்கையில் ஓநாய்க்கு ஒரு நட்சத்திரம் தெரியும் என்று எழுதியவர் அவர்தான். நேற்றுவரை நம்மோடு நடமாடிய ஒருவர்மேல் ஓர் அடையாளம் விழுவதும், அதன்பின் அவரை வேட்டையாடுவது நியாயமாகிவிடுவதும் எங்கள் கூட்டத்தில் யாருக்கும் விளக்கவேண்டிய விடயங்களாக இருக்கவில்லை. பழைய நாட்டார் பாடல் என்று பலரும் நம்பிய, உண்மையில் அவரே புனைந்த, படத்தின் நான்கு வரிகளில் மனிதன் ஓநாயாவதற்குப் பௌர்ணமி தேவைப்படவில்லை. இலையுதிர் காலத்து நிலவொளியே போதுமாயிருந்தது. பௌர்ணமி, பின்னர் வந்த படங்களில்தான் புகுந்தது.

தோழர்கள் இன்று மார்க்கம், ஏஜாக்ஸ் என்று பிரிந்து குடியேறிவிட்டாலும், ஒக்டோபரில் யாராவது ஒருவர் அழைத்துவிடுவார். கார்லோவின் பூதமா, லோன் சேனி ஜூனியரின் ஓநாயா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. நடிப்பில் கார்லோவே பெரியவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் என் வாக்கு சேனிக்கே.