கொழும்புக்குப் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகள் வாசித்துவிட்டு பஸ் ஏறுங்கோ

கிராமத்து இளம் பெண்களுக்கான விவசாயத் தொழில்முயற்சியாண்மைப் பயிற்சி முடித்து, கொழும்பிலிருந்து போன கிழமைதான் கிளிநொச்சிக்குத் திரும்பினேன். படிப்பித்ததில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதற்குள் நுழைவதற்கும் வெளியே வருவதற்கும் பட்ட பாடுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. தெரிவுக் கடிதம், வீட்டுச் சம்மதம், வெள்ளவத்தையில் விடுதி, இதெல்லாம் கரைச்சல் இல்லாமல் நடந்தது.

கரைச்சல் தொடங்கியது பதிவு மேசையில். அரச அலுவலகம்தான், பெயர் வேண்டாம். ஜி.எஸ். (கிராம சேவகர்) தந்த வதிவிடச் சான்று தமிழில் இருந்தது. மேசையில் இருந்தவர் அதைத் திருப்பிப் பார்த்தார், முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார், பிறகு சிங்களத்திலோ இங்கிலிஷிலோ கொண்டுவரச் சொல்லி என் பக்கம் தள்ளிவிட்டார். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் புதுக்கடையில் இருப்பார்களாம். வெயிலுக்குள் ஓட்டோ பிடித்துப் போய், கோர்ட்டைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் பலகை பலகையாக விசாரித்து, அவசரக் கூலியும் சேர்த்துக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தால், அவர் சாப்பிடப் போய்விட்டார். பக்கத்து மேசை முஸ்லிம் அக்கா கையை நீட்டித் தமிழ்க் கடிதத்தையே வாங்கினார். வாசித்தார், இலக்கம் போட்டார், "சரி தங்கச்சி, உள்ளுக்குப் போங்க" என்றார். மொழிபெயர்ப்பை அவர் தொடவே இல்லை. அது இப்போதும் என் ஃபைலில் புதுசாக இருக்கிறது.

1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. அதை மேசையில் நின்று வாதாடி வெல்ல முடியாது. "இங்க தமிழ் வாசிக்கிற ஆர் இருக்கினம்?" என்று முதலில் கேளுங்கோ. அநேகமாக ஒருவராவது இருப்பார். புதுக்கடை அதற்குப் பிறகு.

தெரிவுக் கடிதத்தில் 'தமிழ் மொழி மூலம்' என்று இருந்தது. ஆனால் பாதி வகுப்பு சிங்களத்தில்தான் நடந்தது. உரைபெயர்ப்பாளர் மூன்று வசனத்துக்கு ஒரு வசனம் சொல்லுவார், விடுபட்டதைப் பதுளைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி எங்கள் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருக்க அப்படி ஒருத்தியைப் பிடித்துக்கொள்ளுங்கோ.

விலைக் கணக்கு படிப்பித்த மிஸ் தமிழ். அந்த ஒரு வகுப்புக்காகவே போகலாம். நான் முருங்கை இலைத் தூள் செய்து விற்கிறேன். செலவைப் பலகையில் எழுதச் சொன்னார். பக்கற், ஸ்டிக்கர், அரைக்கிற கூலி, பஸ் காசு எழுதினேன். இலை வீட்டு மரத்தில் பிடுங்குவது, அதற்குச் சைபர் போட்டேன்.

"இலை உருவினது ஆர்?"

"நானும் அம்மாவும், மிஸ்."

"அப்ப அம்மாவுக்கு எவ்வளவு குடுத்தனீங்கள்?"

மண்டபமே சிரித்தது. சிரித்தவர்களின் கணக்கிலும் கூலி இல்லை என்பது அடுத்தடுத்து அவர்கள் எழுந்துபோனபோது தெரிந்தது. ஒரு கிலோ தூளுக்கு எனக்கு ஏழெட்டுக் கிலோ பச்சை இலை வேண்டும். உருவி, கழுவி, நிறம் போகாமல் நிழலில் காயவிட்டு எடுக்க இரண்டு பேரின் ஒரு பகல் போய்விடும். அந்தக் கூலியையும், இலையைக் கட்டாக விற்றால் வரும் காசையும் சேர்த்தால், நான் விற்ற ஒவ்வொரு பக்கற்றும் நட்டம். எங்கட சந்தையில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ கழிவு வெட்டுகிறார்கள் என்று வியாபாரியைத் திட்டுகிற நாங்கள், வீட்டுக்குள் அம்மாவின் கூலியை முழுசாக வெட்டிவிட்டோம். ஊருக்கு வந்து முதல் வேலையாக விலையைக் கூட்டினேன்.

அன்று இன்னொன்றும் தெளிந்தது. 479 என்று தொடங்கும் பார்கோட் இருந்தால் இலங்கைச் சாமான் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். அந்த இலக்கம் இலங்கையில் பதிந்தது என்பதுதான் அதற்கு அர்த்தம், எங்கே விளைந்தது என்பதை அது சொல்லாது.

பெரிய அடி கடைசிக்கு முதல்நாள் விழுந்தது. உலர்த்தும் இயந்திரத்துக்கு உதவி தருவதாக ஒரு படிவம் கொடுத்தார்கள், மறுநாள் மதியத்துக்குள் நிரப்பித் தரவேண்டும். அதில் 'பயிர்செய்யும் காணிக்கான ஆதாரம்' என்று ஒரு வரி. வந்திருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பெயரில் காணி இருக்கும்? எங்களுடையது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்த பெர்மிட் காணி, அப்பாவின் பெயரில். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935ஆம் ஆண்டுடையது. பெர்மிட்காரர் யாரையும் வாரிசாக நியமிக்காமல் இறந்தால் ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை என்று அதில் இருந்த ஒழுங்கு 2022இல்தான் மாறியது. இப்படி ஒரு நாட்டில் இளம் பெண்களுக்கென்றே நடத்துகிற திட்டத்தில், காணிப் பத்திரம் வேண்டும் என்பதைக் கடைசிக்கு முதல்நாள் சொல்கிறார்கள்!

அப்பா ஜி.எஸ்.ஸிடம் ஓடினார், அவர் கூட்டத்துக்குப் போய்விட்டார். கடைசியில் கைகொடுத்தது எங்கள் விவசாயப் போதனாசிரியர். நான் அந்தக் காணியில் பயிர்செய்கிறேன் என்று கடிதத் தலைப்பில் எழுதி, முத்திரை குத்தி, வட்ஸ்அப்பில் அனுப்பினார். அப்பாவின் சம்மதக் கடிதத்தோடும் பெர்மிட் கொப்பியோடும் சேர்த்துப் பதினொன்றரைக்குக் கொடுத்தேன். முதலில் அசல்தான் வேண்டும் என்றார்கள். "அப்ப படிவத்தையும் முன்னமே அனுப்பியிருக்கலாமே, மெடம்" என்றேன். மெடம் ஒன்றும் பேசாமல் வாங்கி வைத்தார். நீங்கள் இந்த மூன்றையும் ஊரிலிருந்தே கொண்டுபோங்கோ, கேட்கிறார்களோ இல்லையோ.

வங்கிக்காரர் வந்து கடன் பற்றி அழகாகப் பேசினார். பிணைக்கு இரண்டு அரச உத்தியோகத்தர் வேண்டும் என்றதும் கேள்விகள் நின்றுவிட்டன. அப்படிப் பிணை கிடைக்காதவர்கள்தான் எங்கள் பக்கம் நுண்கடனில் போய் மாட்டிக்கொண்டார்கள்.

கடைசியாக, டிக்கெட்டைக் காட்டித் திருப்பி எடுக்கிற போக்குவரத்துக் காசு. இரவு பஸ்ஸில் டிக்கெட் கேட்டால் "சீற் நம்பர் போனில வந்திருக்குத்தானே" என்பார் கொண்டக்டர். கணக்குப் பிரிவோ போன் மெசேஜை ஏற்காது. அதனால் போகும்போது கொடுத்த காசு போனதுதான். திரும்பும்போது டிக்கெட் கையில் வரும்வரை கொண்டக்டரை விடவில்லை. படம் பிடித்து அனுப்பினேன், அசல் வேண்டுமாம். போட்டோக்கொப்பி எடுத்து வைத்துவிட்டு, நேற்றுப் பதிவுத் தபாலில் போட்டிருக்கிறேன். காசு இன்னும் வரவில்லை.